கீழ்த்தளத்தில் ஒரு தொந்தரவும் இல்லீங்க

என் அருமைத் துரோகிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் மூலத்துக்கு மருந்து வாங்க சிங்காநல்லூர் டாக்டரிடம் போனேன். நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே?" என்றார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்! ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்பினேன். வழியெல்லாம் உங்களைத்தான் திட்டினேன். நீங்கள் உயிரோடிருந்தபோது நமக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. வேறு எப்போதுதான் திட்டுவது?

அந்தக் கேள்வி உங்களுடையதல்லவா? தொண்ணூறுகளில் பீளமேட்டுக் கல்லூரியில் நாம் இருவரும் விரிவுரையாளர்கள். வெளிநாட்டு மாணவர் விடுதியில் மனநலக் கணக்கெடுப்பு. மேல்தளம் எனக்கு, கீழ்த்தளம் உங்களுக்கு. நான் கேள்வித்தாளைக் கொடுத்து, பெயர் எழுதாமல் பெட்டியில் போடச் சொன்னேன். நீங்கள் அறை அறையாகப் போய் நேரில் கேட்டீர்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அறையில் விடைகளை ஏற்றிப் பார்த்தால், ஒரே கட்டடத்தில் மேலே அழுகை, கீழே ஆனந்தம். மேலே பலருக்குத் தூக்கமில்லை. "என் மொழியில் சண்டை போடக்கூட இங்கே ஆளில்லை" என்று ஒருவன் எழுதியிருந்தான். கீழே எல்லாரும் சுகம்.

சந்தேகப்பட்டு, மறுபடி ஒருமுறை கேட்கச் சொல்லி உங்கள் பின்னாலேயே வந்தேன். சூடான்காரப் பையனின் தோளைத் தட்டி, "நோ ப்ராப்ளமுங்களே?" என்றீர்கள். அவனும், "நோ ப்ராப்ளமுங்க" என்றான்.

"ஏனுங்க, இப்படிக் கேட்டா எந்த மனுசன் இருக்குதுன்னு சொல்லுவான்?"

"பின்ன, ஏன் கண்ணு அழுகறேன்னா கேக்கறதுங்க?"

கீழ்த்தளத்து விடைகளை ஒதுக்கிவிடுவது, பையன்கள் மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகரை முதல்வரிடம் கேட்பது என்று கேன்டீன் போண்டா சாட்சியாக முடிவு செய்தோம்.

முதல்வர், "பசங்க எப்படி இருக்காங்க?" என்றார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நல்லாருக்காங்கங்க. இவருதான் தாளைக் குடுத்துப்போட்டாருங்க. தாளைக் கண்டா எந்தப் பையனுக்கும் மூஞ்சி தொங்கிப்போகுமுங்க."

முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆலோசகர் கேட்கும் யோசனை அந்தச் சிரிப்போடு போயிற்று. வருடம் முடிவதற்குள் மேல்தளத்துப் பையன்கள் இரண்டு பேர் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார்கள். அதன் பிறகு உங்கள் தலையைக் கண்டாலே நான் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். ஊரையெல்லாம் கேலி செய்கிற எனக்கு, என்னை வைத்து ஒருவர் சிரிக்கவைத்தது பொறுக்கவில்லை என்பாள் என் மனைவி. பொய். பாதிப் பொய்.

போன மாதம் துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில் வாய் சும்மா இருந்ததா? உங்கள் வீட்டம்மாவிடம் அந்த விடுதிப் பேச்சை எடுத்தேன்.

"கீழ இருந்த பசங்களுங்களா? ஞாயித்துக்கெழமையானா அத்தன பேரும் நம்மூட்டுலதானுங்க. நான் கறி ஆக்குவேன், அவங்கவங்க பாஷையில சண்டை போட்டுட்டுக் கெடப்பாங்க. இவரு நடுவுல உக்காந்து கேட்டுட்டிருப்பாருங்க."

"மேல இருந்தவங்க?"

"அவங்கள நீங்க பாத்துக்குவீங்கன்னு சொல்லுவாருங்க."