அம்மா துவைத்த சட்டைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்கு வாந்தி நின்றுவிட்டதாக அம்மா சொன்னாள். ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டதால் இனி வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் போன் அம்மா கையில்தான் இருக்கும். இதைப் பற்றி உன்னிடம் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வாய் திறக்கவில்லை, எழுதுகிறேன். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருப்பதால் எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அம்மாவின் முழங்கால் விஷயம்தான். லேசான வலி என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். லேசு இல்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மாடிப்படியை உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டால் படியைத் துடைப்பதுபோல் பாவனை. அதற்கென்றே கையில் ஒரு துணி வைத்திருக்கிறாள்.

வயசாகிவிட்டது என்று இரண்டு டாக்டர்கள் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாற்பத்தெட்டு ஒரு வயசா? பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்றாள். என்னைக் கேட்டார். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் பத்தொன்பது வருஷம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என் ரத்தத்தில் ஈயம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அம்மா ரத்தத்திலும் இருந்தது.

ஈயம் எலும்புக்குள் போய் வருஷக்கணக்கில் தங்கிவிடுமாம். எலும்போடு எலும்பு உரசாமல் மூட்டில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பையும் கெடுக்குமாம். எல்லாம் ஈயத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்த வயதில் இவ்வளவு தேய்ந்திருப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்றார். தேய்ந்தது தேய்ந்ததுதான். இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறை வாசலைக்கூட மிதிக்காதவளுக்கு அது எப்படி வந்தது? நான்தான் கொண்டுவந்தேன். தினமும் என் சட்டையைப் பின்வாசலில் உதறி, ஊறவைத்து, கையால் கசக்கியவள் அவள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும்.

குளித்துவிட்டு, வேலைத் துணியை அங்கேயே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பட்டறைச் சுவரில் எழுதியிருந்தது. நாற்பது பேருக்கு இரண்டு குழாய். வரிசையில் நின்றால் நாலரை மணி பஸ் போய்விடும், பள்ளிக்கூட வாசலில் நீ தனியாக நிற்பாய். அப்படியே ஓடிவந்துவிடுவேன். உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே அம்மாடி. அந்தச் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தும் தினமும் தாண்டி வந்தவன் நான்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "நீங்க உழைச்சீங்க, நான் துவைச்சேன். இதுல யாரை யார் மன்னிக்கிறது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மாசமா இருக்கிற பிள்ளை பயந்துவிடும், அவளிடம் சொல்ல வேண்டாம் என்றாள். அதை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

ஏனென்றால், பிள்ளைகள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு மகள், மாசமாக இருக்கிறாள் என்றோம். சின்ன வயதில் எலும்பில் சேர்ந்த ஈயம், பிள்ளை உண்டாகும்போது மறுபடி ரத்தத்துக்கு வரலாமாம். வயிற்றுப் பிள்ளைக்கும் போகலாமாம். உனக்கு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பார்த்துவிடுவது நல்லது என்றார். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். உன் டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் விடாதே, எலும்பிலிருந்து ஈயம் வருவதை அது குறைக்குமாம்.

பள்ளிக்கூட வாசலில் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்குப் போகும் பஸ் கிளம்புவதற்குள் என் சட்டையில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிடுவாய். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை. இப்போது அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே போ. மாப்பிள்ளையிடம் மறைக்காதே, கூடவே கூட்டிக்கொண்டு போ. முடிவு எப்படி வந்தாலும் அப்பாவை வெறுக்காதே என்று நான் கேட்க மாட்டேன். போய்ப் பார்த்துவிடு என்று மட்டும் கேட்கிறேன்.

நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா