பாதி இறக்கிய ஷட்டர்

மொன்ட்ரியால்,
15.11.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

கோமதி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். குளிருக்கு நல்ல கோட்டு வாங்கிவிட்டேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே தெப்பனேர் என்று சொல்கிற மூலைக்கடைகளையும் நம் ஊர்க் கடைகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதில், "மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் கடைக்காரர் சாப்பிடுகிறார், குனிந்து உள்ளே போகலாம்" என்று எழுதியிருந்தேன். பேராசிரியை சிவப்பு மையில் "ஆதாரம்?" என்று கேட்டுவிட்டார். நூலகம் முழுக்கத் தேடியும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் அப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார் என்றேன். அப்படியானால் அவர் சொன்னதாகவே குறிப்பிடலாம், பெயரும் சொன்ன தேதியும் வேண்டும் என்றார்.

அதனால், இந்தக் கடிதம் வந்து சேர்ந்துவிடும் என்று கணக்கிட்டு, டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது, "சாப்ட்டியாம்மா? இந்தா, அம்மாட்ட பேசு" என்று ரிசீவரைக் கொடுத்துவிடாதீர்கள். ஷட்டர் விஷயத்தை நிதானமாக, முழுதாகச் சொல்லுங்கள். கூடவே வேறு எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வேன்.

கடைசியில் வரும் நூல் பட்டியலில் மட்டும் உங்கள் பெயர் வராதாம். படிப்பவர்கள் தேடிப் போய்ப் பார்க்க முடிகிறவற்றுக்குத்தான் அங்கே இடமாம். ஏன் பார்க்க முடியாது, தென்காசி பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள், மதியம் போனால் கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

நூலகத்தில் விளக்கை அணைக்கிறார்கள், முடிக்கிறேன். போனை நீங்களே எடுங்கள் அப்பா. கட்டுரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை தேதியை இப்போதே போட்டுவிட்டேன்.

அன்பு மகள்,
கோமதி