இருபத்து மூன்றாம் அறை ஏலம் போகவேண்டும்

ஜனவரி 8

பல வார ஆலோசனைக்குப் பிறகு முடிவெடுத்துவிட்டேன். அலுவலக மேசைமேல் இருக்கும் மிட்டாய்க் கிண்ணத்தில் இனி பட்டர்ஸ்காட்ச் கிடையாது. பெப்பர்மின்ட். இதைவிடக் குறைந்த யோசனையில் சாம்ராஜ்யங்கள் போருக்குப் போயிருக்கின்றன. அரிசோனாவில் வெயில் காயும் முதலாளி கேலார்டுக்குப் போன் செய்து முறைப்படி தெரிவித்தேன். "இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்றீங்க மார்லிஸ்?" என்றார். வரலாற்றுத் தருணங்களில் ஆள்பவர்கள் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஊரார் சாமான்களைப் போட்டுவைக்க அறை அறையாக வாடகைக்கு விடும் கிடங்கை நடத்துகிறவளுக்கு மிட்டாய்க் கிண்ணம் ஒரு கருவி. ஒழுங்காக வாடகை கட்டுகிறவர் ஒன்று எடுப்பார். பாக்கி வைத்திருப்பவர் என் முகத்தைப் பார்க்காமல் மூன்று எடுப்பார். இதுவரை பொய்த்ததில்லை.

இன்று ஆரின் ட்வெட் வந்தார். இருபத்து மூன்றாம் அறை. எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர். பண்ணையை விற்றபோது கொட்டகையில் இருந்த அத்தனையையும் இங்கே கொண்டுவந்து அடைத்தவர். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாடகை கட்டவில்லை. குளிரைப் பற்றிப் பேசினார். மிட்டாயைத் தொடவில்லை. போய்விட்டார்.

என் விஞ்ஞானம் ஆட்டம் கண்டிருக்கிறது.

ஜனவரி 9

பெப்பர்மின்ட்டைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 11

ஆரின் இந்த மாதமும் கட்டவில்லை. சட்டப்படி அவருடைய பூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் சிவப்புப் பூட்டைப் போட்டேன். இனி பாக்கி தீர்ந்தால்தான் கதவு திறக்கும். தீராவிட்டால் கடிதம், பத்திரிகையில் அறிவிப்பு, கடைசியில் ஏலம். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான். விரல் விறைக்கும் குளிரில், ஒரு கிழவரின் கதவில் பூட்டுப் போடுகிற பெண்பிள்ளையை எந்த நாவலிலும் நல்லவளாகக் காட்டமாட்டார்கள்.

திரும்பினால் ஆரின் நிற்கிறார்.

"பூட்டு பலமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. மன்னிச்சிடுங்க ஆரின்."

"எதுக்கு மன்னிப்பு? நல்லா அழுத்திப் பாத்தீங்களா?"

அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தேன். இரண்டாவது கோப்பையில் விஷயம் வெளியே வந்தது.

ஆரின் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். பெண், டெல்ஃபீன் குச்செரா. என் பள்ளித் தோழி; ஒன்பது வருஷமாகத் தனியாக இருப்பவள்; வீட்டில் ஒரு கரண்டி கூடுதலாக இருந்தாலும் யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் தூங்குவாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்கு முன்னால் இருபத்து மூன்றாம் அறை காலியாக வேண்டும்.

"அப்ப காலி பண்ணுங்களேன். இதுக்கு எதுக்குப் பாக்கி வைக்கணும்?"

"பண்ணிப் பாத்தேன். ஒரு வண்டி குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனேன். வர்றப்ப ரெண்டு வண்டி ஆயிடுச்சு." காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் கையால என்னால எறிய முடியாது மார்லிஸ். ஆனா சட்டம் வந்து எடுத்துக்கிட்டா? அப்ப மனுஷன் என்ன பண்ண முடியும்?"

"கையில பணம் இருக்கா?"

"பண்ணை வித்த பணம் பூரா இருக்கு. அதைத் தொடாம இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. பாக்கின்னா தூக்கமே வரமாட்டேங்குது."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "கடனாளின்னு நெனச்சா பரவால்ல. காதல்னு தெரிஞ்சா பௌலிங் ஆடற சிநேகிதங்க பக்கம் தலைகாட்ட முடியாது." இந்த ஏலத் திட்டம் டெல்ஃபீனுக்கும் தெரியக்கூடாதாம். கல்யாணம் ஆகஸ்ட் பதினாறு. பாஸ்டருக்கு மட்டும் தெரியும்.

போகும்போது ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக்கொண்டார். ஒன்றே ஒன்று.

பிப்ரவரி 12

பனிப்புயல். யாரும் வரவில்லை. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20

நம் வாரப் பத்திரிகையில் ஏல அறிவிப்பு வந்துவிட்டது. அறையில் இருப்பதைப் பொதுவாகக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. "ஆரின் ட்வெட், அறை 23. ஐஸ்கிரீம் பக்கெட்டுகள், டிராக்டர் உதிரிகள், மேலும் ஐஸ்கிரீம் பக்கெட்டுகள்." சர்ச் மீன் விருந்துக்கும் காணாமல் போன நாய்க்கும் நடுவில் போட்டிருந்தார்கள். நாயைப் பற்றி இன்னும் அழகாக எழுதியிருந்தது.

மார்ச் 24

விபரீதம்.

காலையில் கதவிடுக்கில் ஓர் உறை. உள்ளே ஆரின் பாக்கி முழுவதும், ரொக்கமாக. கூடவே ஒரு சீட்டு: "பெயர் வேண்டாம். அவருக்குத் தெரியவும் வேண்டாம்." பெயர் வேண்டாத அந்த நல்லவர்கள் பௌலிங் சங்கத்தின் உறையிலேயே அதைப் போட்டிருந்தார்கள். நம் ஊர் ரகசியங்களின் தரம் இது.

யார் கட்டினாலும் பாக்கி பாக்கிதான், வாங்கித்தான் ஆகவேண்டும். சிவப்புப் பூட்டைக் கழற்றினேன். ஆரின் பக்கத்தில் நின்று பார்த்தார். வீட்டுக்குத் தீ வைக்கிறவனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"யாருங்க அந்தப் பாவி?"

"உங்க சிநேகிதங்கதான்."

"அதான பாத்தேன். எதிரியா இருந்தா விட்டிருப்பான்."

தர்மம் தலை காக்கும் என்பார்கள். இங்கே கல்யாணத் தலையைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: பாக்கி, பூட்டு, கடிதம், அறிவிப்பு. ஏப்ரல் வாடகையைக் கட்டப்போவதில்லை என்று ஆரின் எனக்கு வாக்குக் கொடுத்தார். வாடகைதாரர் ஒருவர் இந்த வாக்கை இவ்வளவு உணர்ச்சியோடு கொடுத்து நான் கண்டதில்லை.

மே 17

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஏப்ரல், மே இரண்டும் கட்டவில்லை. பூட்டு மறுபடி ஏறிவிட்டது. மே மாத இறுதியில் ஏலம். கேலார்ட் போனில் கவலைப்பட்டார்: "பாவம் அந்தப் பெரியவர். பாக்கியில பாதியை விட்டுக்கொடுத்தா என்ன?" கூடவே கூடாது என்று கத்திவிட்டேன். மனுஷர் பயந்துபோயிருப்பார்.

மே 23

இதை எப்படி எழுதுவது? சிரிப்பும் வருகிறது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றுகிறது.

டெல்ஃபீன் வந்தாள். கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தாள்.

"ஏண்டி மார்லிஸ், அந்த மனுஷன் பேரு ரெண்டாவது தடவையா பேப்பர்ல வந்திருக்கு. கையில காசில்லையா அவருக்கு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

"உனக்குத்தான் அந்தச் சாமானே பிடிக்காதே. போகட்டும்னு விடேன்."

"போகணும்தான். அவரா தூக்கிப் போடணும். ஊர் பாக்க ஏலத்துல போறதா? தலைகுனிஞ்சு நிப்பாருடி. நிறுத்து, எவ்வளவு சொல்லு."

"டெல்ஃபீன், அவசரப்படாதே—"

"ஏன்? உனக்கென்ன, கமிஷனா?"

நான் சத்தியம் செய்திருக்கிறேன். சத்தியத்தை மென்று விழுங்கிக்கொண்டு தொகையைச் சொன்னேன். அவள் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு அவளும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள்: அவரிடம் சொல்லிவிடாதே.

ஆக, ஒரே அறைக்கு நேரெதிரான இரண்டு ரகசியங்களை நான் வைத்திருக்கிறேன். வாடகை எதுவும் வாங்காமல்.

மே 24

பாக்கியை யாரோ கட்டிவிட்டார்கள் என்று மட்டும் ஆரினிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த ஊர்ல ஒரு கெட்டவன்கூட இல்லையா?" என்றார். யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்கும் யாரும் நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 19

டெல்ஃபீன்: "ஆகஸ்ட் பதினாறு அன்னைக்கு அந்த அறை காலியா இல்லேன்னா, சர்ச்சும் காலியா இருக்கும். அவருகிட்ட சொல்லிட்டேன்." நிஜமாகவே செய்வாள். பள்ளியில் அவள் போட்ட சபதங்களில் ஒன்றுகூட வீண்போனதில்லை. மூக்கை உடைப்பேன் என்று ஒருமுறை சொன்னாள்; என் மூக்குக்குத் தெரியும்.

ஜூலை 15

ஆரின் ஜூன், ஜூலை வாடகையும் கட்டவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவையும் யாராவது தர்மம் செய்துவிட்டால் கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு ஏலத்துக்கு நாள் இல்லை. பொய் சொல்ல எனக்கு உரிமையில்லை, அறிவிப்பை மறைக்கவும் முடியாது. ஆனால் ஏலத்தின் நாளையும் நேரத்தையும் குறிப்பவள் நான். ஆகஸ்ட் இரண்டு, சனிக்கிழமை, பிற்பகல். கவுன்டி சந்தையில் டிராக்டர் இழுவைப் போட்டி நடக்கும் அதே நேரம். அப்போது நம் ஊரில் தர்மம் செய்யக்கூட ஆள் இருக்காது.

ஏலம் கேட்கவும் இருக்காது என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 2

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், கை வலித்தாலும்.

ஏலம் விடுகிறவர் கர்னல் லெஸ்டர். எந்தப் போரையும் பார்த்தவரில்லை. எங்கள் பக்கத்தில் ஏலம் விடுகிற எல்லோருமே கர்னல்தான். பெரிய தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். எதிரே மொத்தக் கூட்டம்: நகரத்திலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர், ஆரின், நான். ஆரின் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கேட்டதற்கு, "இத்தன வருஷம் கூட இருந்ததுங்க. வழியனுப்ப வேணாமா?" என்றார்.

பூட்டை வெட்டி, கதவைச் சுருட்டி மேலே ஏற்றினேன். வாசலில் நின்று பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது விதி. வியாபாரி டார்ச் அடித்துப் பார்த்தார். தரையிலிருந்து கூரைவரை ஐஸ்கிரீம் பக்கெட். எல்லாவற்றுக்கும் மூடி.

"அம்மா, எனக்கு பக்கெட் வேணும்னா ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுக்குவேன்," என்று சொல்லி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

கர்னல் கலங்கவில்லை. ஆயிரம் பேர் எதிரே நிற்பதுபோல் தொண்டையைத் திறந்து, மூச்சு விடாமல் உருட்ட ஆரம்பித்தார். ஏலம் கேட்க ஒருவரும் இல்லை. ஆரின் கேட்கக்கூடாது. நானும் கூடாது. யாரும் கேட்காவிட்டால் முதலாளி செலவில் எல்லாம் குப்பைமேட்டுக்குப் போகும். ஆரின் கை மெல்லச் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடியது. எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்ள, குப்பைமேட்டுக்கு அவர் முன்னாலேயே போய்க் காத்திருப்பார்.

அப்போது டெல்ஃபீனின் கார் சரளைக்கல் சிதற வந்து நின்றது. கையில் செக் புத்தகம்.

"நிறுத்துங்க! நான் கட்டிடறேன்! போன தடவையும் நான்தானே கட்டினேன்!"

ஆரின் திரும்பினார். "நீயா? அந்தப் பாவி நீதானா?"

"பாவியா? உங்க மானத்தக் காப்பாத்தினா பாவியா?"

"எட்டு மாசமா நான் கஷ்டப்பட்டு வாடகை கட்டாம இருக்கேன் டெல்ஃபீன்!"

கர்னல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். ஆரின் எல்லாவற்றையும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான்; ஆனாலும் சொன்னார்.

"இதுக்கா கடனாளி வேஷம் போட்டீங்க? என்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிருப்பேனே."

"தெரியும். அதான் சொல்லல."

அவள் அவரைப் பார்த்தாள். பக்கெட்டுகளைப் பார்த்தாள். சட்டைப்பையில் சாவியைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். செக் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"ஒரு டாலர்."

கர்னல் அந்த ஒரு டாலரை வைத்துக்கொண்டு மூன்று நிமிஷம் பாடினார். மரியாதைக்காக. பிறகு, "அம்மாவுக்கே!" என்று தொப்பியால் தொடையில் அடித்தார். நான் கைதட்டினேன். ஆரினும் தட்டினார். சந்தைப் பக்கமிருந்து டிராக்டர்களின் உறுமலும் ஊரின் கூச்சலும் கேட்டன. எங்களுக்காகவே கத்தினார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆரின் அங்கேயே பேனாவை உருவி மிச்சப் பாக்கி முழுவதையும் கட்டினார். "இன்னைக்குத் தூங்குவேன்," என்றார்.

ஆகஸ்ட் 4

வாங்கியவர் இரண்டு நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும். டெல்ஃபீன் பெரிய வண்டியோடு வந்தாள். ஆரினை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கையுறை மாட்டி, முதல் பக்கெட்டைத் தூக்கி, வண்டியில் வீசப் போனவள், எதற்கோ மூடியைத் திறந்தாள்.

உள்ளே அடுப்புத் திருகுகள். பழைய காஸ் அடுப்புகளின் திருகுகள், கம்பெனி வாரியாகப் பிரித்து, துணியில் சுற்றி.

"மார்லிஸ்."

"என்ன?"

"என் அடுப்புத் திருகு உடைஞ்சு பதினோரு வருஷம் ஆச்சுடி. குறடு வெச்சுத்தான் திருகறேன். கம்பெனியே இழுத்து மூடிட்டான்."

வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். பையில் போட்டுக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு பக்கெட்," என்றாள்.

நான் மதியம் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் மூன்று திறந்த பக்கெட். வண்டி காலியாக நின்றது. வேறு யாராவது அந்த அறையைக் கேட்டிருக்கிறார்களா என்று விசாரித்தாள். இல்லை என்றேன். கொஞ்சம் நாள் கொடு என்றாள். அப்படியானால் கல்யாணம்?

"நடக்கும். அவரு சாமான் ஒண்ணுகூட இங்க இல்லையே. எல்லாம் என்னோடது."

பள்ளியிலும் சபதங்களை இப்படித்தான் நிறைவேற்றினாள். என் மூக்கு விஷயத்தைத் தவிர.

ஆகஸ்ட் 16

கல்யாணம். சர்ச் நிறைந்து படிவரை ஆட்கள். பௌலிங் சங்கம் முழுக்க ஒரே நிறச் சட்டையில் வந்து, ஆரினை இடித்து, கிள்ளி, "கிழவனுக்கு வந்த யோகத்தப் பாருடா" என்று கதறடித்தார்கள். அவர் காதுவரை சிவந்து நின்றார். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. பாஸ்டர் கேட்டபோது, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி "சம்மதம்" என்றார். எங்கள் ஊர் ஆண்பிள்ளை பொது இடத்தில் இவ்வளவு சத்தமாகப் பேசுவது, கொட்டகை தீப்பிடித்தால் மட்டும்தான்.

கீழ்த்தளத்தில் சாப்பாடு, ஹாம் பன், உருளைக்கிழங்கு சாலட், நான்கு விதக் கேக். பிறகு போல்கா நடனம். ஆரின் ஆடுவார் என்று யாருக்கும் தெரியாது. டெல்ஃபீனை ஒரு சுற்றுச் சுற்றினாரே பார்க்கவேண்டும்! கர்னல் லெஸ்டர் என்னை ஆடக் கூப்பிட்டார். இரண்டு பாட்டுக்கு ஆடினேன். மூன்றாவதுக்கும் ஆடினேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும்.

செப்டம்பர் 1

இருபத்து மூன்றாம் அறை இன்று டெல்ஃபீன் ட்வெட் பெயரில் பதிவாயிற்று. ஒரு வருஷ வாடகை முன்பணமாகக் கட்டினாள். இதைவிடப் பெரிய அறை ஏதாவது காலியானால் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.