கனமான லென்ஸை வாங்கிப்போட்டேனுங்க

ஏனுங்க மாமா,

நீங்க இருக்கும்போது ஒரு நாளும் உங்களுக்கு நான் கடுதாசி எழுதினதில்லை. கோயமுத்தூர் கணபதியில ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு, ஒரே ஸ்டுடியோவுல ஆளுக்கொரு கேமராவைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவங்களுக்கு எதுக்குக் கடுதாசி? இப்ப வேற வழி தெரியலை. என்ற ஆசை மாமா, இது உங்க அம்மணி எழுதறது. நாலு பேர் படிச்சாலும் படிச்சுட்டுப் போகட்டும்.

முதல்ல சமாச்சாரம். வால்பாறை ஸ்டீபன் தம்பிகிட்ட இருந்த அந்தக் கனமான லென்ஸை நான் வாங்கிப்போட்டேனுங்க. நீங்க எடுத்துட்டு வந்த லேசானதை அவர்கிட்டயே குடுத்தாச்சு. முழுசாக் கேட்டுப்போட்டு அப்பறம் கோவிச்சுக்குங்க.

போன வருஷம் அங்க போனது ஞாபகம் இருக்குதுங்களா? மண்டபத்துல மணமேடை, ஒறம்பரை, சொந்தபந்தக் கூட்டம், மேல தொங்கற அலங்காரம் எல்லாத்தையும் ஒரே படத்துல அடக்க ஒரு வைடு லென்ஸ் வேணும்னு இருந்தோம். ஸ்டீபன் தம்பிக்கு எஸ்டேட் ஆபீஸ்ல உத்தியோகம், மத்த நேரம் பூரா படம் எடுக்கிற பைத்தியம். அவர்கிட்ட இருபது எம்.எம்.ல ரெண்டு இருந்துச்சு. ரெண்டுமே கையால வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் பண்றது. "எனக்கு ஒண்ணு போதும்ங்கண்ணா, எது வேணுமோ எடுத்துக்குங்க"ன்னு ரெண்டையும் மேசை மேல வெச்சுட்டார்.

பார்க்க ரெண்டும் அக்கா தங்கச்சியாட்ட இருந்துச்சு. கையில எடுத்தாத்தான் தெரியும். ஒண்ணு லேசு, வளையம் தொட்டாலே ஓடும், படத்தோட ஓரத்துல தூணெல்லாம் கொஞ்சம் வளைஞ்சு நிக்கும். இன்னொண்ணு நல்ல கனம். வளையம் நிதானமாத் திரும்பும், தூணு நேரா நிக்கும். ஒரே இம்சை, வளையம் எதிர்ப்பக்கம் சுத்தும். நம்ம பழைய லென்ஸெல்லாம் தூரத்துல இருக்கறதுக்கு இடது பக்கம் திருப்பணும்னா, இதுக்கு வலது பக்கம்.

தேயிலைக்கு நடுவுல இருக்கிற சர்ச்சுக்குள்ள போய் ரெண்டுலயும் எடுத்துப் பார்த்தோம். அப்பறம் ஆரம்பிச்சுதுங்க நம்ம கூத்து.

"அம்மணி, உனக்கு எது புடிச்சிருக்குது?"

"உங்க இஷ்டமுங்க."

"அட, நீயுந்தானே எடுக்கப் போற. சொல்லு."

"நீங்க எதைச் சொன்னாலும் எனக்குச் சரிங்க."

"இந்த லேசானது பரவாயில்லீல்ல?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

அவ்வளவுதான், லேசானது நம்ம பைக்குள்ள வந்துபோட்டுது. என்ற மனசு பூராவும் அந்தக் கனமானது மேலதான். உங்களுக்கு இது புடிச்சிருக்குது போலன்னு வாயை மூடிக்கிட்டேன்.

நீங்க போனதுக்கப்பறம் ஒரு நாள் ஸ்டீபன் தம்பி ஊட்டுக்கு வந்திருந்தார். காப்பி குடிச்சுக்கிட்டே, "அந்த லென்ஸ் எப்பிடிங்க்கா?"ன்னு கேட்டார். "தூணெல்லாம் வளையுதுங்க தம்பி. அவருக்குப் புடிச்சதுன்னு வெச்சிருக்கறேன்"ன்னேன்.

மனுசன் டம்ளரைக் கீழ வெச்சுட்டார். "என்னங்க்கா சொல்றீங்க? அண்ணனுக்குக் கனமானது மேலதானுங்களே ஆசை! உங்களுக்கு மணிக்கட்டு வலி, நாள் பூராத் தூக்க முடியாதுன்னு அதை விட்டுட்டார். என்கிட்டத் தனியாச் சொன்னாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துபோட்டுது மாமா. நெசமாத்தான். சிரிச்ச சிரிப்பு அழுகையாப் போச்சு, பாவம் அந்தத் தம்பி என்ன செய்யறதுன்னு தெரியாம உக்காந்திருந்தார். ரெண்டு பேரும் ஆசைப்பட்டதை அங்க வெச்சுப்போட்டு, ரெண்டு பேருக்கும் புடிக்காததைத் தூக்கிக்கிட்டு மலை இறங்கியிருக்கிறோம். மருவாதியாம் மருவாதி! அதையத் தூக்கிக் குப்பையில போட.

"வேணும்னா மாத்திக்கறீங்களாக்கா?"ன்னார். "உங்க இஷ்டமுங்க தம்பி"ங்கறது நாக்கு நுனி வரைக்கும் வந்துபோட்டுது, பார்த்துக்குங்க. யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பி வெச்சேன். எனக்காக நீங்க விட்டுக் குடுத்து வாங்கினது அந்த லேசானது. அதைத் திருப்பிக் குடுத்தா உங்களையே திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு. வெச்சுக்கிட்டா, நம்ம ரெண்டு பேரோட தப்பையும் காலம் பூராத் தூக்கிக்கிட்டுத் திரியணும். கடைசியில போன் பண்ணி, "எனக்குக் கனமானது வேணுமுங்க"ன்னு சொன்னேன்.

போன வாரம் கிணத்துக்கடவு கல்யாணத்துல அதுலதான் எடுத்தேன். பழக்க தோஷத்துல வளையத்தை இடது பக்கமே திருப்பி, பாதிப் படம் மங்கிப் போச்சு. மணிக்கட்டு வீங்கிப் போச்சு. மீதிப் படத்தைப் பார்த்தீங்கன்னா விட மாட்டீங்க, அவ்வளவு நல்லா இருக்குது.

லென்ஸை மாத்திக்கலாமுங்க. மாத்த முடியாத இன்னொண்ணு இருக்குதே, அதை என்ன செய்ய?

அன்னைக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னீங்க. "நாளைக்கே ஆஸ்பத்திரி போலாமா அம்மணி, இல்ல ஞாயித்துக்கிழமை கல்யாண வேலை முடியட்டுமா?"ன்னு கேட்டீங்க. நாளைக்கே போகணும்னு எனக்கு அடிச்சுக்குச்சு. ஆனா வாயில வந்தது, "உங்க இஷ்டமுங்க." கல்யாண வேலையை விட்டுப்போட எனக்கு மனசில்லைன்னு நினைச்சீங்களா? நாளைக்கே போகணும்னுதான் நீங்களும் நினைச்சீங்களா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீங்க இருக்கலை. லென்ஸ் சமாச்சாரத்தைச் சொல்ல ஸ்டீபன் தம்பியாவது இருந்தார். இதை நான் யாரைப் போய்க் கேக்கட்டும்?

நம்ம புள்ளை கவிதா நேத்துச் சென்னையிலிருந்து பேசினாள். "அம்மா, கோயமுத்தூருக்கே மாத்தல் கேக்கட்டுமா, இல்ல இங்கயே இருக்கட்டுமா? நீயே சொல்லு"ன்னாள். அப்பறம் பேசறேன்னு வெச்சுட்டேன்.

இதைய எழுதி முடிச்ச கையோட அவளைக் கூப்பிடப் போறேனுங்க மாமா. உன் இஷ்டம்னு சொல்ல மாட்டேன், உங்க மேல சத்தியம். "வந்துரு கண்ணு, என்னால தனியா இருக்க முடியலை"ன்னு சொல்லிப்போடறேன்.

உங்க ஊட்டுக்காரி,
சரசு