ஒரே பெட்டியில் புளித்த மூன்று வீட்டுக் கொக்கோ

அன்பு மகள் நெலிதாவுக்கு அப்பா எழுதுவது. கொக்கோ கொடுக்கப் போன உன் அப்பனைக் கூட்டுறவுச் சங்கம் காட்டுத் திருடன் என்று பதிந்துவிட்டது. மற்றபடி நானும் அம்மாவும் கோழிகளும் சுகம், மிலானில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும். சான் ஹுவான் திருநாளுக்கு அம்மா உன் பேரில் ஒரு சோற்றுப் பொட்டலம் கட்டினாள், நான்தான் தின்றேன்.

விவரம் கேள். மிலான் சாக்லேட்காரர் சொல்லிச் சங்கத்துக்குப் பிளாக்செயின் என்று ஒரு கணினிப் பதிவேடு வந்திருக்கிறது. எந்த மூட்டை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அதில் ஒருமுறை எழுதிவிட்டால் கடவுளாலும் அழிக்க முடியாதாம். சாக்லேட் உறையைப் போனில் காட்டினால் உனக்கு அங்கே என் முகம் தெரியுமாம், பல் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. எல்லாம் சரி, நம் ஊரில் யார் வீட்டுக் கொக்கோ தனியாகப் புளித்திருக்கிறது? ஒரு வீட்டுக் காய்க்குப் பெட்டி பாதிகூட நிறையாது, சூடு ஏறாது, கொட்டை கசக்கும். அதனால் க்ளோதில்டே வீடு, அம்புரோசியோ வீடு, நம் வீடு மூன்றும் ஒரே பெட்டியில் கொட்டி, முறைவைத்துக் கிளறி, காய்ந்தபின் பங்கு போடுகிறோம். இந்த அறுவடைக்குப் பெட்டி நம் வீட்டில். பதிய வந்த சங்கத்து இஞ்சினியர் யெசேனியா "பெட்டி யாரோடது?" என்றாள். என்னுடையது என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னது என் குற்றம். மூன்று வீட்டு ஒன்பது மூட்டையும் என் தோட்டத்தில் விளைந்ததாக ஏறிவிட்டது. என் இரண்டு ஹெக்டேரில் மூன்றுதான் விளையும், மீதி ஆறும் காட்டை அழித்துப் பயிரிட்டது என்று அந்த மேதாவி இயந்திரம் சிவப்புக் குறி போட்டுவிட்டது. க்ளோதில்டே வாசலில் நின்று, "அண்ணே, ஒரே வாரத்துல பண்ணையாராயிட்டீங்க, விருந்து எப்போ?" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவள் மூட்டையும் அதில்தான் மாட்டியிருக்கிறது. அந்தக் குறி நீங்கி முப்பதாம் தேதி லாரியில் ஏறாவிட்டால் மூன்று வீட்டையும் சங்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், இவ்வளவு பக்குவமாய்ப் புளித்த கொக்கோ சந்தைத் தரகனின் பூஞ்சைக் கொக்கோவோடு கலந்துபோகும்.

திருத்த வழியே இல்லையா என்றால் இருக்கிறது. "ஒரு பெட்டிக்கு ஒரு பேர்தான் ஏறும். தனித்தனியாத்தான் புளிக்க வச்சோம்னு சொல்லிடுங்க பெரியவரே, நான் மேல இன்னொரு பதிவு போட்டுடறேன்" என்றாள் யெசேனியா. "பொய்யை எழுதினா அதையும் அழிக்க முடியாதேம்மா" என்றேன். "சொல்லித் தொலைங்களேன், உண்மைய என்ன ஊறுகாயா போடப் போறீங்க?" என்று உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயும் அம்மாவுக்குப் பரிந்துகொண்டு வராதே.

இந்தக் கடிதத்தை அம்மா இன்றே படமெடுத்து அனுப்புவாள். இனி ஆகவேண்டியது இது. நீ அங்கே நம் கொக்கோவை வாங்கும் சாக்லேட்காரரை நேரில் பார்த்து, ஒரு பெட்டிக்கு மூன்று பெயர் எழுத இடம் வேண்டும் என்று கேள், தலையை மூடிக்கொண்டு போ, வெயில். யெசேனியா வந்து எங்கள் மூன்று தோட்டத்தையும் அந்தப் பெட்டிக்கு நேரே எழுத வேண்டும். சங்கத் தலைவர் அதுவரை லாரியை நிறுத்திவைக்க வேண்டும். அம்புரோசியோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், க்ளோதில்டே மூட்டைகளை ஈரம் அண்டாமல் பார்க்க வேண்டும். உன் அம்மா கிள்ளுவதை நிறுத்த வேண்டும். நான் பேச்சை மாற்றாமல் இருக்க வேண்டும்.

கன்னிமரி உன்னைக் காப்பாளாக.

உன் அப்பா,
தெயோஃபிலோ