கதவைத் திறக்காதே

என் வீட்டுக்காரிக்கு,

உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது, "நீங்க எந்த மாதிரி ஆளுன்னே எனக்குப் புரியல" என்றாய். அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வேலையிடத்தில் என்னை ரேடியோ என்கிறார்கள். உனக்கு நான் ஊமைக்கோட்டான். இரண்டும் எப்படி ஒரே ஆள்?

நேற்று ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மா தனியாக மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் பழுது பார்க்க, உள்ளே இருப்பவர் பயப்படாமலிருக்கப் பேச்சுக் கொடுப்பது எப்போதும் என் வேலை. மூடிய கதவோடு ஒட்டி நின்று உன்னைப் பற்றியே பேசினேன். கோபம் வந்தால் நீ பாத்திரத்தை உருட்டுவது, நீ இல்லாமல் எனக்குத் தூக்கம் வராதது, எல்லாம்.

கதவு திறந்ததும், "இதையெல்லாம் அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா தம்பி?" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

நான் அந்த மாதிரி ஆள்.

ஞாயிறு மாலை அங்கே வருகிறேன். மணி அடித்ததும் கதவைத் திறக்காதே. பின்னால் நின்று கேள், போதும். நீ நிற்கிறாய் என்று தெரிய, உள்ளேயிருந்து ஒருமுறை தட்டு.

உன் ஊமைக்கோட்டான்