சராசரித் தூரம்

தலைமை அலுவலகம்
ஜூன் 3

அன்புள்ள கேப்டனுக்கு,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னவர் நீங்கள். நான் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். உங்களிடமிருந்து வந்தது ஒன்று. அதிலும் பாதி வானிலை அறிக்கை. கட்டிய மனைவிக்கு யாராவது மேகத்தின் உயரத்தை எழுதுவார்களா?

சரி, சேதிக்கு வருகிறேன். நீங்கள் ஓட்டும் பத்தொன்பது இருக்கைக் கிழட்டு விமானங்களுக்கு முடிவு வந்துவிட்டது. கம்பெனி புதிதாக ஆறு வாங்கப் போகிறது, ஒவ்வொன்றும் எழுபது இருக்கை. புரொப்பெல்லரா ஜெட்டா என்பதுதான் கேள்வி. எது எவ்வளவு தூரம் போகும், என்ன வேகம், எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று ஒப்பிட்டு அட்டவணை போடும் வேலையை மேலாளர் என் தலையில் கட்டிவிட்டார். "நீ போட்டா மறுபேச்சே கிடையாதும்மா, கண்ண மூடிட்டு கையெழுத்துப் போடுவாங்க" என்றார்.

ஜெட் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர், புரொப்பெல்லர் ஐந்நூறு. ஆனால் ஜெட் ஒரு மணி நேரத்தில் குடிப்பதை இது இரண்டரை மணி நேரம் வைத்துக் குடிக்கும். நிற்காமல் போகும் தூரத்தில் ஜெட்டை இது நெருங்கவே முடியாது.

இன்னொன்று. ஜெட்டுக்கு உங்கள் ஓடுபாதை நீளம் போதாது. அது வந்தால் உங்கள் நிலையத்தை மூடியாக வேண்டும். மூடினால் உங்களை இங்கே அனுப்பியாக வேண்டும். கம்பெனி உங்களை அங்கே தூக்கிப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுதும்போதே என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் வயிறு சரியில்லையா என்று கேட்டுவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
தசமம்


நிலையம்
ஜூன் 12

என் தசமத்துக்கு,

மேகம் எவ்வளவு உயரம் என்று இன்று எழுத மாட்டேன், பயப்படாதே.

உப்புக்கும் தசமப்புள்ளி வைத்து அளக்கிற உன்னிடம் அட்டவணையைக் கொடுத்தார்களே, மேலாளர் கெட்டிக்காரர்தான். ஆனால் சேதி உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. எரிபொருள் நிரப்புகிறவர் காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் கேப்டன், ஜெட்டு வந்தா நம்ம கடைய இழுத்து மூடிடுவாங்களாமே? உங்க வீட்டம்மா கையிலதான் எல்லாம் இருக்காமே? ஒரு வார்த்த சொல்லி வைங்களேன்." "என் பேச்ச அவ எப்ப கேட்டிருக்கா?" என்று சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாம் பறப்பதெல்லாம் பெரும்பாலும் நானூறு கிலோமீட்டர். ஜெட் மேலே ஏறித் தன் வேகத்தைக் காட்டுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். தெருமுனைக்குப் போய்வர யானையைக் கட்டித் தீனி போடுவதற்குச் சமம்.

இன்று பத்தொன்பது பேரில் ஐந்து பேர் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள். வாரத்துக்கு மூன்று முறை அதே ஐந்து முகங்கள். விமானம் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒன்பது மணி நேரச் சாலை. இதை உன் மனதை மாற்றுவதற்காக எழுதவில்லை. நீ எப்படியும் சரியாகத்தான் போடுவாய்.

சாப்பிடுகிறேன். இளைக்கவில்லை. சட்டை இறுக்கமாகத்தான் ஆகிறது.

கேப்டன்


தலைமை அலுவலகம்
ஜூன் 20

அன்புள்ள கேப்டனுக்கு,

முடிந்தது. நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், பெருமைக்காகத்தான். நமது சராசரிப் பயணத் தூரம் எழுநூறு கிலோமீட்டர். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் அந்தத் தூரத்துக்கு ஜெட் எழுபத்து நான்கு நிமிடம், புரொப்பெல்லர் நூறு நிமிடம். இருபத்தாறு நிமிடம் மிச்சம். அதனால் ஒவ்வொரு ஜெட்டும் தினமும் ஒரு பயணம் கூடுதலாகப் போகும். எரிபொருள் அதிகம்தான், ஆனால் கூடுதல் பயணம் அதை ஈடுகட்டிவிடும் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறேன். மேலாளர் கடைசி வரியை மட்டும் படித்தார். "அப்ப ஜெட்டுதான், சரிம்மா" என்றார். ஜூலை பத்தாம் தேதி குழு கூடிக் கையெழுத்திடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினேன். பிடிக்கவில்லை. திரும்ப நகர்த்தினேன். கீழ்வீட்டம்மா மேலே வந்து, "யாராவது குடிவராங்களா?" என்று கேட்டார். "ஆமா, என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டேன். அலமாரியில் உங்கள் தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன்.

உடனே பதில் போடுங்கள். தபால் பை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது என்று தெரிந்தும் திங்களும் புதனும் போய்ப் பார்க்கிறேன்.

உங்கள்
தசமம்


நிலையம்
ஜூன் 27

தசமம்,

அட்டவணையை மூன்று தடவை படித்தேன்.

நமக்கு ஆறு தடங்கள். நான்கு தடம் நானூறு கிலோமீட்டர். இரண்டு தடம் ஆயிரத்து முந்நூறு. நீ ஆறையும் கூட்டி ஆறால் வகுத்து எழுநூறு என்று போட்டிருக்கிறாய். ஆனால் அந்தக் கிட்டத் தடங்களில் வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு முறை பறக்கிறோம். தூரத் தடங்கள் இரண்டிலும் சேர்த்தே நான்கு முறைதான். தடங்களை எண்ணக் கூடாது, பறப்புகளை எண்ண வேண்டும். எண்ணினால் சராசரி நானூற்று இருபத்தொன்று. அந்தத் தூரத்துக்கு ஜெட் மிச்சம் பிடிப்பது பதின்மூன்று நிமிடம். குடிப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடுதல் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நமக்குக் கல்யாணமான புதிதில் இதே தவறை நான் செய்தபோது, சாப்பாட்டு மேசையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கவனிக்காமல் விட்டாயா?

கேப்டன்


தலைமை அலுவலகம்
ஜூலை 1

கேப்டனுக்கு,

இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல். எழுதுங்கள் எழுதுங்கள் என்று கெஞ்சினால் நான்கு வரி எழுதுவீர்கள். தப்பைக் கண்டுபிடிக்க மட்டும் மூன்று தடவை படிக்கிறீர்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடம் இந்த மேசையில் ஒரு எண்ணைக்கூட நான் வளைத்ததில்லை. முதலில் சரியான சராசரியைத்தான் போட்டேன். புரொப்பெல்லர் என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புரொப்பெல்லர் என்றால் உங்கள் நிலையம் பெரிதாகும், இன்னும் ஐந்து வருடமோ பத்து வருடமோ நீங்கள் அங்கேதான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்த ஐந்து பேர் என் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தார்கள். நீங்கள் எழுதியதால்தான் தெரிந்தார்கள், அதற்காகவும் உங்கள் மேல் கோபம் வந்தது. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நேற்று பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு மூன்று நிறுத்தம் தாண்டிப் போய், நடந்தே திரும்பி வந்தேன். இருபத்திரண்டு வருடம் ஒருவரோடு குடும்பம் நடத்திவிட்டு, அவரிடமிருந்து காற்றின் வேகத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது என்ன வாழ்க்கை என்று சொல்லுங்கள்.

பத்தாம் தேதிவரை வாயைத் திறக்காமல் இருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் வீட்டில் இருப்பீர்கள்.

தசமம்


நிலையம்
ஜூலை 4

தசமம்,

இதை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனி என்னைத் தூக்கிப் போடவில்லை. இந்த நிலையத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். உத்தரவு வந்த அன்று நீ மேலாளரிடம் சண்டைக்குப் போகிறேன் என்று கிளம்பினாய். நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன், நினைவிருக்கிறதா? "விடு, கம்பெனி முடிவு" என்றேன். அது பொய்.

வேறு யாரும் இல்லை. அப்படி நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே. உன்னைக் குறை சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. வீட்டுக்குள் வரும்போதெல்லாம் தாமதமாக வந்து வாசலில் நிற்கிறவனைப் போலவே உணர்ந்தேன். எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அப்படித்தான். நீ ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாய், கடிகாரத்தைப் பார்ப்பாய். நீ எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவள், நான் உட்கார்ந்தால் எழுந்திருக்காதவன். இங்கே தகரக் கூரை அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். மூச்சு விட முடிகிறது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை, அதனால் கம்பெனி மேல் பழியைப் போட்டேன்.

ஜெட் வந்து இந்த நிலையத்தை மூடினாலும், நான் வேறொரு தூர நிலையம்தான் கேட்பேன். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எனக்காக நீ உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளும்போது இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை.

மேலாளருக்கு நான் எழுத மாட்டேன். நீயே திருத்து. பத்தாம் தேதிக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று தபால் பையில் போடாமல், பயணி ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கேப்டன்


தலைமை அலுவலகம்
ஜூலை 14

கேப்டனுக்கு,

கடிதம் அன்றே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் உங்களுடைய அந்த ஐந்து பேரில் ஒருவர். வரவேற்பறையில் உட்காரக்கூட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேப்டன் உங்க கையிலதான் கொடுக்கச் சொன்னாரும்மா" என்றார். அவர் முன்னால் பிரிக்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டுப் படித்தேன்.

பத்தாம் தேதி குழுவுக்கு முன்னால் எழுந்து நின்று, "இந்த அட்டவணை தப்பு, தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொந்த விஷயம் என்றேன். புதிய தாளைக் கொடுத்தேன். புரொப்பெல்லர் ஆறு வாங்கக் கையெழுத்தாகிவிட்டது. உங்கள் எரிபொருள்காரரிடம் சொல்லுங்கள், கடையை மூட மாட்டார்கள். என்னை அந்த மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய கோப்புகள் இருக்கும் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேலாளர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. போகட்டும், செய்ததுக்கு அனுபவிக்கத்தான் வேண்டும்.

இரண்டு வருடம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்ட ஆளில்லை. உங்களைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. மூச்சு விட முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. நான் என்ன புலியா, கடித்தா தின்றிருப்பேன்?

புதிய விமானத்தை ஓட்டப் பயிற்சி எடுக்க நீங்கள் எல்லோரும் அக்டோபரில் ஆறு வாரம் இங்கே வர வேண்டும். பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு படிவம் கொடுத்தார்கள். 'விடுதி அறை தேவை, தேவையில்லை' என்று இரண்டு கட்டம். "வீட்டுக்காரம்மா நீங்க இருக்கீங்களே, தேவையில்லைன்னு நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க" என்றான் படிவம் கொண்டுவந்த பையன். பேனாவை எடுத்தேன். ஒரு தடவை உங்களுக்காக எண்ணை மாற்றிப் பார்த்தாயிற்று, இனி மாட்டேன். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே நிரப்பி நேராக அவர்களுக்கே அனுப்புங்கள். உண்மையை மட்டும் போடுங்கள். எனக்குப் பரிதாபப்பட்டு எதையும் போட வேண்டாம்.

நீங்கள் வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதை மறைக்கவில்லை.

தசமம்


நிலையம்
ஜூலை 25

தசமம்,

நீ நின்று சொன்னதை எரிபொருள்காரரிடம் சொன்னேன். அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு எழுதுங்க கேப்டன்" என்றார். எழுதிவிட்டேன். என்னுடையதும் அதில் சேர்த்தி.

படிவம் ஒரு வாரம் மேசை மேல் இருந்தது. பரிதாபம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அதனால்தான் இவ்வளவு நாள். நேற்று நிரப்பி அனுப்பினேன். 'தேவை' என்று போட்டிருக்கிறேன்.

உன் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வீட்டுச் சாவி இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது. தபாலில் போட்டால் எங்காவது தொலைந்துபோகும். அக்டோபரில் வரும்போது உன் கையில் தருகிறேன்.

கேப்டன்